சஞ்சய் வனத்தில் ஒரு காட்டுச் சுற்று: தில்லித் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தில்லியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் காட்டு நடை என்றதும் ரிஷிகேஷும் முசௌரியும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு விடுப்பு, ரயில் முன்பதிவு, தங்கும் அறை என்று எல்லாம் கூடிவர வேண்டும். கூடிவருவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். ஆனால் ஆர்.கே.புரத்திலோ முனிர்காவிலோ இருப்பவர்களுக்கு ஆட்டோவில் போய்வரும் தொலைவிலேயே, மெஹ்ரோலிக்கும் வசந்த் குஞ்ஜுக்கும் குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியாவுக்கும் நடுவே, சுமார் 780 ஏக்கரில் ஒரு காடு இருக்கிறது. அதுதான் சஞ்சய் வனம். புறப்பட்ட வாயிலுக்கே திரும்பி வந்து சேரும்படி 5 அல்லது 6 கிலோமீட்டரில் ஒரு சுற்று நடக்க அது மிகவும் ஏற்ற இடம். ஏற்ற இறக்கம் குறைவு. வழிகாட்டியை அமர்த்த வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது. பாதையில் சிரமம் ஏதும் இல்லை. சிரமமெல்லாம் எந்த மாதம், எந்த நாள், எந்த நேரம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் பத்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பெரியவரும் சேர்ந்தே நடக்கலாம். தவறாகச் செய்தால் நல்ல திடகாத்திரமானவர்களுக்கும் அது தண்டனையாகிவிடும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் காலத்தைப் பற்றிய பகுதி மற்றவற்றை விட நீளமாக இருக்கிறது.

முதல் படி: எந்தக் காட்டுக்குப் போகிறோம் என்று அறிந்துகொள்வது

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி தில்லிக்குள் வந்துதான் முடிகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறைகளைக் கொண்ட அந்தத் தொடர் தேய்ந்து தேய்ந்து, இங்கே பாறைமேடாக மட்டும் எஞ்சியிருக்கிறது. இந்த மேட்டைத் தில்லிவாசிகள் 'ரிட்ஜ்' என்பார்கள். நகரம் வளர வளர அது நான்கு துண்டுகளாகச் சிதறிவிட்டது: பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்கு ரிட்ஜ் 87 ஹெக்டேர், குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்னால் உள்ள மத்திய ரிட்ஜ் 864 ஹெக்டேர், மெஹ்ரோலியைச் சார்ந்த தென்மத்திய ரிட்ஜ் 626 ஹெக்டேர், அசோலா, பாட்டி வரை விரியும் தெற்கு ரிட்ஜ் 6,200 ஹெக்டேர். 1994-ல் வெளியான அறிவிக்கை இவற்றைக் காப்புக் காடாகக் குறித்தது. சஞ்சய் வனம் தென்மத்திய ரிட்ஜில் அடங்கும். தில்லி வளர்ச்சி ஆணையம் அதைப் பராமரிக்கிறது. ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசிக்கப் படியேறும்போது கால்படுகிற குன்றும் இதே ஆரவல்லியைச் சேர்ந்ததுதான்.

ஓர் எச்சரிக்கை. மயூர் விஹார், திரிலோக்புரிப் பக்கம் 'சஞ்சய் ஏரி' என்று ஒரு பூங்கா உண்டு. கிழக்குத் தில்லியில் இருக்கும் நம்மவர்களிடம் 'சஞ்சய் வனம்' என்றால் பலருக்கு அந்த ஏரிதான் தோன்றும். வேறு வேறு இடங்களில் இருந்து வந்து வாயிலில் கூடுவதாக இருந்தால், வரைபடத்தில் இடத்தைக் குறித்து எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

எனக்குத் தெரிந்தவரை இந்தக் காட்டுக்கு மிகச் சிறந்த காலம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை. குளிரின் கடுமை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பனிக்காலத்து நச்சுப்புகையும் பெரும்பாலும் விலகியிருக்கும். ஹோலியை ஒட்டிப் புரசு மரங்கள் இலை உதிர்த்து ஆரஞ்சுச் சிவப்பில் பூத்து நிற்கும்.

அடுத்த நல்ல காலம் செப்டம்பர் இறுதியும் அக்டோபர் முதல் பாதியும். மழை ஓய்ந்து, காடு பச்சையாக இருக்கும். ஆனால் இந்த இடைவெளி மிகவும் குறுகியது. அக்டோபர் பிற்பகுதியில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாள் எரிக்கும் புகையும், வேகம் இழந்த காற்றும், தீபாவளியும் சேர்ந்து வந்துவிடும். பிறகு ஜனவரி வரை காற்றின் தரத்தைப் பார்க்காமல் வெளியில் கால் வைக்கவே கூடாது.

தென்மேற்குப் பருவமழை தில்லிக்கு வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் வந்து சேர்கிறது. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் ஆண்டிலேயே மிகத் தூய்மையான காற்று கிடைக்கும். தமிழ்நாட்டில் நாம் ஆண்டு முழுவதும் காணும் சுடலைக்குயில் இங்கே மழையோடுதான் வருகிறது. அதைக் கேட்பதற்காகவே நான் ஒரு முறையாவது மழைக்காலத்தில் போகச் சொல்வேன். ஆயினும் அப்போது புதர் அடர்ந்து பாதை குறுகிவிடும், பாம்புகளின் நடமாட்டம் கூடும், கொசுக்களுக்குக் கணக்கே இராது. சிறு குழந்தைகளை முதல் முறை அழைத்துச் செல்ல ஏற்ற காலம் அன்று.

ஏப்ரல் நடுவிலிருந்து மழை வரும் வரை, காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே இருக்கத் திட்டமிட வேண்டாம். இங்குள்ள மரங்கள் சிற்றிலை மரங்கள். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதை நம்பி நிழலை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

மூன்றாம் படி: நாளையும் நேரத்தையும் முடிவு செய்வது

நம்மில் பலருக்கு நடை என்றால் விடியற்காலைதான். சென்னையிலும் கோவையிலும் அது சரியான பழக்கம். தில்லிக் குளிர்காலத்தில் அதுவே தீங்காக முடியும். நவம்பர் முதல் ஜனவரி வரை இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் படிந்துவிடுவதால், இரவெல்லாம் வெளியான புகையும் தூசும் மேலே கலைய வழியின்றி நாம் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. சூரியன் ஏறித் தரை சூடான பிறகுதான் அந்த மூடி கலைகிறது. ஆகவே குளிர்காலத்தில் காலை 11 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்குள் முடிப்பதே நல்லது. கோடையில் நேர்மாறாக, வாயில் திறந்ததும் உள்ளே நுழைந்துவிட வேண்டும். ஜூனில் ஐந்தரைக்கு முன்பே பொழுது விடிந்துவிடும்.

காற்றின் தரத்தை முதல் நாள் இரவும், கிளம்புவதற்குச் சற்று முன்பும் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் நிலையம் வாரியாக எண் கிடைக்கும். தில்லி முழுவதற்குமான சராசரி எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்தக் காட்டுக்குப் பயன்படுபவை ஸ்ரீ அரவிந்தோ மார்க் நிலையமும் ஆர்.கே.புரம் நிலையமும். வாரியத்தின் வகைப்பாட்டில் 101 முதல் 200 வரை 'மிதமானது', 201 முதல் 300 வரை 'மோசம்', 301 முதல் 400 வரை 'மிக மோசம்', அதற்கு மேல் 'கடுமை'. குழந்தைகளோ ஆஸ்துமா உள்ளவர்களோ உடன் வந்தால் 150-க்கு மேல் நடையைத் தள்ளிப்போடுங்கள். திடமான பெரியவர்கள் மட்டும் என்றால் 200 வரை போகலாம். இவை என் சொந்த அளவுகோல்கள், வாரியம் விதித்தவை அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதை விடப் பல மடங்கு காற்றை நடக்கும்போது நுரையீரல் இழுக்கிறது என்பதால், வீட்டில் இருக்கையில் பொறுத்துக்கொள்ளும் எண்ணை நடைக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வாயில் மூடும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும். உள்ளே நுழையும்போதே காவலரிடம் 'கேட் கித்னே பஜே பந்த் ஹோகா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தி சாய ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியில் இருப்பதுபோல் கணக்கிடுவதில் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது; உள்ளே விளக்கை நம்ப முடியாது, மரங்களுக்கு நடுவே இருட்டு சட்டென்று கவிந்துவிடும்.

நான்காம் படி: போய்ச் சேரும் வழி

இந்த வனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் உண்டு. முதல் முறை போகிறவர்கள் குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியாப் பக்கத்து வாயிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அலுவலகங்கள் இருக்கும் பகுதி, ஆட்டோ திரும்பக் கிடைக்கும். கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்தினர் நீல வழித்தடத்தில் ராஜீவ் சௌக் வந்து மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி ஹௌஸ் காஸில் இறங்கலாம். ஜனக்புரியினருக்கு மெஜந்தா வழித்தடம் நேராக முனிர்கா, ஐ.ஐ.டி., ஹௌஸ் காஸ் வரை வருகிறது. ஆனால் ஞாயிறு காலையில் மெஜந்தா ரயில்கள் மற்ற நாள்களை விடத் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும் என்பதால், கோடைக்கால ஞாயிற்று நடைக்கு அதை நம்ப முடியாது. நிலையத்திலிருந்து ஆட்டோ பிடிக்கும்போது வெறும் 'சஞ்சய் வன்' என்று சொல்லாமல் 'குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியா, சஞ்சய் வன் கேட்' என்று முழுதாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஹ்ரோலிப் பக்கத்தில் இறக்கிவிடப்பட வாய்ப்புண்டு.

கழிப்பறைத் தேவையை மெட்ரோ நிலையத்திலேயே முடித்துக்கொள்வது உத்தமம். உள்ளே கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உடுப்பும் பையும்

சீமைக் கருவேல முள்ளைப் பற்றி ராமநாதபுரத்தாருக்கும் விருதுநகராருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் நாம் பார்த்த அதே மரம்தான் இங்கே 'விலாயதி கீக்கர்' என்ற பெயரில் ரிட்ஜின் பெரும்பகுதியைப் பிடித்து நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வறண்ட பாறைமேட்டைப் பசுமையாக்க நட்டார்கள். அது மற்ற செடிகளை முளைக்கவிடாமல் தானே பரவிவிட்டது. உதிர்ந்த கிளையிலுள்ள காய்ந்த முள் பாதையில் நட்டுக்கொண்டு கிடக்கும். ஒரு விரல் நீளம் கூட இருக்கும். ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்து நேராக உள்ளங்காலுக்கு வந்துவிடும். மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணியையும் பக்கவாட்டில் துளைத்துவிடும். எனவே தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். முழுக்கால் சட்டை, முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி போதும். சுடிதார் அணிபவர்கள் துப்பட்டாவைத் தவிர்த்துவிடுங்கள், புதரில் மாட்டும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஏப்ரலுக்கு மேல் ஒன்றரை. ஒரு சிறு இடுக்கி, கிருமிநாசினி, பிளாஸ்டர், கொசு விரட்டும் களிம்பு, முழுதாக மின்னேற்றிய கைப்பேசி. கட்டுசாதப் பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துப் போய்க் காட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது மனத்துக்கு இனிய கற்பனைதான். ஆனால் தில்லிக் குரங்குகள் பாலிதீன் பையின் சரசரப்பைக் கேட்டே வந்துவிடும், தெருநாய்களும் கூட்டமாகச் சுற்றும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய்போல் சத்தமில்லாமல் வாயில் போட்டுக்கொள்ளக் கூடியவற்றை மூடிய டப்பாவில் வைத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டை வெளியில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: சுற்றை நடப்பது

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லா இடத்திலும் சிக்னல் சீராக இருக்காது. வாயிலில் நின்று அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நடைத்தடத்தைப் பதிவு செய்யும் செயலியை இயக்கிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

உள்ளே இரண்டு வகைப் பாதைகள் இருக்கின்றன. காலை நடையினரும் மிதிவண்டிக்காரர்களும் பயன்படுத்தும் அகலப் பாதை ஒன்று. அதிலிருந்து கிளை பிரிந்து புதருக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள் மற்றொன்று. முதல் சுற்றில் அகலப் பாதையை விட்டு விலகாதீர்கள். சீமைக் கருவேலப் புதர்கள் ஒன்றுபோலவே இருப்பதால், பத்து நிமிடம் உள்ளே போனவருக்கு எந்தத் திருப்பத்தில் வந்தோம் என்பது மறந்துபோகும். ஒவ்வொரு கவட்டுப் பாதையிலும் நின்று, திரும்பிப் பார்த்து, வந்த வழி எதிர்த்திசையிலிருந்து எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். குழுவில் வந்திருந்தால் கவட்டில் கடைசி ஆள் வரும் வரை முதல் ஆள் காத்திருக்க வேண்டும். குழந்தைகள் முன்னே ஓடிப் பிரிந்துபோவது இந்த இடங்களில்தான்.

குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியாப் பக்கத்து வடக்கு வாயிலில் இருந்து தெற்கு நோக்கி நடந்து, தென்கிழக்கில் பழைய கோட்டைச் சுவரைத் தொட்டு, மேற்காகச் சுற்றி, நீர்நிலை ஒன்றின் ஓரமாக மீண்டும் வடக்கே வருவது என்ற திசையை நான் பரிந்துரைக்கிறேன். சுவர் இருக்கும் பகுதியில்தான் மேடு சற்று ஏறுகிறது. கால் களைக்காத முதல் பாதியிலேயே அதை முடித்துவிடலாம்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 11-ஆம் நூற்றாண்டில் தோமர் அரசன் அனங்கபாலன் எழுப்பிய லால் கோட், பிறகு 12-ஆம் நூற்றாண்டில் பிருதிவிராஜ் சௌஹான் விரித்த ராய் பித்தோரா கோட்டை ஆகியவற்றின் மதில்கள் இந்தக் காட்டுக்குள் ஓடுகின்றன. லால் கோட் எழுந்தது தஞ்சையில் பெரிய கோயில் எழுந்த அதே நூற்றாண்டில். ஆனால் பெரிய கோயிலைப்போல் செதுக்கிய கல் இங்கே கிடையாது. ரிட்ஜிலேயே கிடைத்த சொரசொரப்பான, சாம்பலும் செம்மையும் கலந்த பாறைத் துண்டுகளை அடுக்கி, இடுக்குகளில் சிறுகற்களையும் சாந்தையும் திணித்திருக்கிறார்கள். பல அடித் தடிமன். கூர்ந்து பார்த்தால், சாந்து உதிர்ந்த இடங்களில் வேர்கள் இறங்கிக் கற்களைப் பிளப்பது தெரியும். அதன்மேல் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கல்லாவது பெயர்கிறது. பக்கத்தில் நின்றே பாருங்கள், குழந்தைகளையும் ஏறவிடாதீர்கள். இந்தப் பகுதியின் திறந்த மேடுகளிலிருந்து தென்கிழக்கே குதுப் மினார் தெரியும். சுமார் 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம், திசை குழம்பியவர்களுக்கு நல்ல அடையாளமும் ஆகும்.

மேற்காகத் திரும்பிய பிறகு பேச்சைக் குறைத்து, நடையையும் தளர்த்துங்கள். மயில்கள் ஏராளம். கௌதாரி பாதையைக் குறுக்காக ஓடிக் கடக்கும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறும், வால்காக்கையும் சாம்பல் இருவாச்சியும் மேற்கிளைகளில் தென்படும். அதிகாலையில் நரியோ, நீல்காய் என்னும் பெரிய மானோ எதிர்ப்பட்டால் அசையாமல் நின்றுவிடுங்கள், அவை தாமே விலகிப் போகும். வேம்பு, இலந்தை, வெள்வேல், சரக்கொன்றை என்று நம் ஊர் மரங்களைக் குழந்தைகளே அடையாளம் சொல்லுமாறு விட்டால், தமிழ்ப் பெயரைத் தாங்களாகச் சொல்லிப் பழக நல்ல வாய்ப்பு. பாடப்புத்தகத்தில் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை விட நல்ல வகுப்பு தில்லியில் கிடைக்காது.

நீர்நிலையின் ஓரத்தில் பத்து நிமிடம் உட்காரலாம். தண்ணீரில் இறங்கவோ கை நனைக்கவோ வேண்டாம். நகரத்துக் கழிவுநீர் வந்து சேரும் வடிநிலம் இது.

ஏழாம் படி: பாதுகாப்பு

தனியாகப் போகாதீர்கள். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் முதல் சில முறை மூன்று பேராவது சேர்ந்து போவதே சரி. வார நாள்களை விட, நடையினர் மிகுதியாக வரும் சனி ஞாயிறு காலைகள் பாதுகாப்பானவை. எந்த வாயில் வழியே நுழைகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர உதவிக்கு 112.

குரங்கு எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கவோ பல் தெரியச் சிரிக்கவோ கூடாது, இரண்டையும் அது சவாலாக எடுத்துக்கொள்ளும். கைகளை வெறுமையாக விரித்துக் காட்டிவிட்டு மெல்ல விலகுங்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி தொடங்க வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து நேரே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். சப்தர்ஜங், எய்ம்ஸ் இரண்டும் இங்கிருந்து அரவிந்தோ மார்க் வழியே போகும் தொலைவில்தான் உள்ளன.

எட்டாம் படி: திரும்பிய பின்

வாயிலை விட்டு வெளியே வந்ததும் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள்; பாதியில் ஒடிந்து உள்ளே தங்கிய முள் அடுத்த நாள் அலுவலகம் போகும் வழியில்தான் தன் வேலையைக் காட்டும். மழைக்காலமானால் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இருக்கும் இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள்.

பதிவு செய்த தடத்தை அழிக்காமல், வாயில் மூடும் நேரத்தையும் அன்றைய காற்றின் எண்ணையும் அதனோடு குறித்து வையுங்கள். பிப்ரவரியில் முதல் சுற்றை முடித்தவர்கள் அதே தடத்தை ஆகஸ்ட்டில் நடக்க விரும்பினால் இரண்டு மாற்றங்கள் செய்துகொண்டால் போதும்: கனமழை பெய்த மறுநாளைத் தவிர்த்து ஒரு நாள் தரை காய விடுவது, சுவர்ப் பகுதியில் புதர் மூடிய இடங்களில் ஒரு கழியால் முன்னே தட்டியபடி நடப்பது.